பி.எஸ்சி. படிக்கும்போதே ஆய்வகத்துக்குள் நுழைய

எவ்வளவு மார்க் இருந்தால் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் இளநிலை மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். ஆய்வகம் நடத்தும் பேராசிரியரின் கவலை வேறு. வாரத்தில் எந்தெந்த நாள் வருவாய், எத்தனை மணி நேரம் இருப்பாய், எத்தனை மாதம் தொடர்வாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லி, சொன்னபடி வந்து நிற்கிற பிள்ளைதான் அவருக்கு வேண்டும். 90 சதவீதம் வாங்கிவிட்டு, மூன்றாவது வாரம் இன்டர்னல் தேர்வு என்று காணாமல் போகிறவரால் அவருக்கு நஷ்டம்.

ஏன் நஷ்டம் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போகிறவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்ல, அவரிடம் பிஎச்.டி. செய்யும் ஆய்வு மாணவர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர் என்றால் அவருக்கு மொத்தம் 5 ஆண்டுகள்தான் உதவித்தொகை. அதற்குள் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். முதல் மாதம் முழுக்க நீங்கள் அவருடைய நேரத்தைத் தின்பீர்கள். ஒரு மணி நேரத்தில் அவர் முடிக்கும் வேலை, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்தால் மூன்று மணி நேரம் ஆகும். இரண்டாம் மாதக் கடைசியில்தான் கணக்கு சமமாகும். மூன்றாவது மாதத்தில்தான் உங்களால் அவருக்கு ஏதாவது லாபம். அதனால்தான் "ஒரு மாதம் மட்டும் வருகிறேன் சார்" என்பவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், விலங்கியல், தாவரவியல் படிக்கும் மாணவர்களுக்கு. இயற்பியல், கணினி ஆய்வகங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் உங்கள் நேரக் கணக்கு

கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சென்னையில் பல கலை அறிவியல் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருக்கிறது. காலை ஷிப்ட் என்றால் பிற்பகல் முழுவதும் உங்கள் கையில். மாலை ஷிப்ட் என்றால் காலை. இது பெரிய வசதி, பலர் இதை வசதியாகவே நினைப்பதில்லை. முழுநாள் கல்லூரி என்றால் சனிக்கிழமையும் விடுமுறைகளும்தான் மிச்சம்.

நேரத்தைத் துண்டு துண்டாகத் தர வேண்டாம். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கலவையைத் தயாரிக்க முக்கால் மணி நேரம், இயந்திரத்தில் ஓட ஏறக்குறைய 2 மணி நேரம், பிறகு ஜெல்லில் ஓட்டிப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம். தினமும் ஒன்றரை மணி நேரம் வருகிறவரால் இதில் எதையும் ஆரம்பித்து முடிக்க முடியாது. வாரத்தில் இரண்டே நாள், நாளுக்கு 4 மணி நேரம் வருகிறவரால் முடியும்.

செமஸ்டர் தேர்வெழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆய்வகத்துக்காக வகுப்பைக் கட் அடித்து, கடைசியில் வருகைக் குறைவுக்காகக் கண்டோனேஷன் கட்டணம் கட்டுவதைப் பேராசிரியர்களே ரசிப்பதில்லை. தேர்வு நடக்கும் வாரங்களை இப்போதே காலண்டரில் குறித்து, சேரும்போதே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன விடுப்பு யாரையும் உறுத்தாது.

அடுத்தது பணம். தன்னார்வலர் என்றால் சம்பளம் கிடையாது. பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் உங்கள் செலவு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மாணவிகளுக்கு அதில் பாதிச் சுமை குறைந்தது. வீட்டுச் செலவுக்கு மாலையில் டியூஷன் எடுத்தோ கடையில் நின்றோ சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், ஆய்வகத்துக்காக அதை விட வேண்டாம். சும்மா உழைக்க வசதி இருப்பவர்களுக்கு மட்டும் அறிவியலின் கதவு திறக்கிறது என்பது எனக்குப் பிடிக்காத உண்மை. ஆனால் உதவித்தொகையோடு கூடிய கோடைகாலத் திட்டங்களும் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி (Indian Academy of Sciences) மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் அதில் முக்கியமானது. இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும்; ஏப்ரலில் தேடத் தொடங்குகிறவர்களுக்கு அடுத்த ஆண்டுதான். ஐ.ஐ.டி. மெட்ராஸும் கோடைகாலத் திட்டம் நடத்துகிறது, பி.எஸ்சி. மாணவர்கள் அதன் தகுதிப் பகுதியை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்கட்டும். மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடைகால ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணிக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்று நீங்கள் போய்க் கேட்டால், பேராசிரியருக்கு அது பழக்கமான கோரிக்கைதான்.

எந்த ஆய்வகம்?

பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் பிஎச்.டி. மாணவர்கள் உள்ள ஆய்வுத் துறைகள் உண்டு. உங்கள் கல்லூரியிலேயே, நீங்கள் தினமும் கடந்து போகும் பூட்டிய அறைக்குள் ஒரு ஸ்காலர் (ஆய்வு மாணவர்) உட்கார்ந்திருக்கலாம். அங்கே ஆறு மாதம், திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

அடுத்த வட்டம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இருப்பது. சென்னையில் அடையாறு, கிண்டி, தரமணி மூன்றையும் சேர்த்தால் வரும் பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள், அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. 1950-களின் நடுவில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் மூன்று இழைச் சுருள் அமைப்பைக் கண்டது கிண்டி வளாகத்தில்தான். கொலாஜனைப் பற்றி நன்கறிந்தவர்கள் பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார்கள். அக்கம்பக்கம் என்பது அறிவியலில் சின்ன விஷயமில்லை. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன், காரைக்குடியில் அழகப்பாவும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், கோவையில் பாரதியாரும் வேளாண் பல்கலைக்கழகமும் என்று எல்லாத் திசையிலும் ஏதாவது இருக்கிறது.

பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள பேராசிரியர் பக்கத்தை நம்ப வேண்டாம்; பல பக்கங்கள் ஐந்தாறு ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடக்கின்றன. பெயரை எடுத்து கூகுள் ஸ்காலரிலோ பப்மெடிலோ போட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன வெளியாகியிருக்கிறது என்று பாருங்கள். கட்டுரையின் கடைசியில் நன்றியுரை இருக்கும். அதில் டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர்., முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்றிருந்து இப்போது ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்ட அமைப்பு போன்ற நிதி தருவோர் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். நடப்பில் ஒரு புராஜெக்ட் இருக்கும் ஆய்வகத்தில் வேதிப்பொருள் இருக்கும். நிதி வற்றிய ஆய்வகத்தில் மனிதர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், ஆனால் என்சைம் தீர்ந்துபோய் மூன்று மாதம் எல்லோரும் கட்டுரை படித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது: ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை வைத்திருக்கும் இலவசத் தளம். நீங்கள் குறிவைத்த பேராசிரியரிடம் கடைசியாகப் பட்டம் வாங்கியவரின் ஆய்வேட்டைத் திறந்து, இரண்டு பகுதிகளை மட்டும் படியுங்கள். செய்முறைகள் அத்தியாயம் அங்கே தினப்படி என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடும். நான்காண்டுகள் புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டா, வயலில் இலை பறிப்பதா, கணினி முன் உட்காருவதா என்று தெரிந்துவிடும். நன்றியுரை அதைவிடச் சுவாரசியம். ஜூனியர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லி, லேப் அட்டெண்டர் வரை நன்றி சொல்லியிருந்தால் அது மனிதர்கள் சேர்ந்து வாழும் இடம். "என் வழிகாட்டிக்கு நன்றி" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், நான் கொஞ்சம் யோசிப்பேன்.

மின்னஞ்சல்

பேராசிரியர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வமாக உள்ளேன், எனக்கு வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்." கூடவே நான்கு பக்கத் தன்விவரம். பெறுநர் வரிசையில் இருபது பேராசிரியர்களின் முகவரி ஒன்றாகத் தெரியும். இதற்குப் பதில் வராது. வந்தால் அது அவருடைய நல்ல மனசு.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். எழுதும் முன் உள்ளடக்கத்தைத் தமிழில் இப்படி யோசித்துக்கொள்ளுங்கள்:

"நான் இன்ன கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நுண்ணுயிரியல் படிக்கிறேன், காலை ஷிப்ட். ஜனவரி முதல் ஜூன் வரை செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 முதல் 6 வரையும் சனி முழுநாளும் வர முடியும். ஏப்ரலில் தேர்வுக்காக மூன்று வாரம் மட்டும் வர முடியாது. மண் பாக்டீரியா பற்றிய உங்கள் அண்மைக் கட்டுரையைப் படித்தேன். மாதிரிகளை வெவ்வேறு ஆழத்திலிருந்து எடுத்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் கோடையில் எடுத்த மாதிரிகளில் மட்டும் வகைகள் குறைந்தது ஏன் என்று புரியவில்லை. கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஸ்ட்ரீக்கிங்கும் கிராம் சாயமிடலும் செய்திருக்கிறேன், பிப்பெட் அதிகம் பிடித்ததில்லை. உதவித்தொகை எதிர்பார்க்கவில்லை. நேரில் வந்து பத்து நிமிடம் பேசலாமா?"

இவ்வளவுதான். நேரம் தெளிவாக இருக்கிறது, தெரிந்ததும் தெரியாததும் மறைக்காமல் இருக்கிறது, கட்டுரையைப் படித்ததற்குச் சாட்சியாக ஒரு கேள்வி இருக்கிறது. புரியாத இடத்தைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். "உங்கள் கட்டுரை மிக அருமை" என்பதைப் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். கட்டுரை உண்மையிலேயே புரியவில்லை என்றால் அந்த ஆய்வகத்தை விட்டுவிட்டு, புரிகிற ஒன்றைத் தேடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேள்வியை எழுதி வாங்கி அனுப்பினால், நேரில் அதே கேள்வியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். அப்போது தெரிந்துவிடும்.

ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். வெளிநாட்டு அறிவுரைகளில் இது இருக்காது, நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மின்னஞ்சலைவிட வாசல்தான் வேலை செய்கிறது. வகுப்பும் கமிட்டிக் கூட்டமும் இல்லாத நேரமாகப் பார்த்து, துறைத்தலைவரின் கையெழுத்துடன் போனஃபைட் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலின் நகலும் எடுத்துக்கொண்டு போங்கள். பேராசிரியர் இல்லையென்றால் அது நல்லதுதான். ஆய்வகத்தில் இருக்கும் ஸ்காலரிடம் பேசுங்கள். "சார், ஒரு பொண்ணு வந்திருந்தா, நல்லா பேசறா, எனக்குக் கூட ஒரு கை தேவைதான்" என்று அவர் உள்ளே போய்ச் சொல்லும் ஒரு வார்த்தை உங்கள் தன்விவரத்தைவிடக் கனமானது.

பார்க்கப் போகும் நாள்

அவர்கள் உங்களைப் பார்ப்பது போலவே நீங்களும் அவர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள். பணிவாக, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. நான் யாருடன் வேலை செய்வேன்? அவர் ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருக்கிறாரா? (இருந்தால் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருக்காது.) வெளி மாணவர்கள் வர பதிவாளர் அனுமதி வேண்டுமா? கட்டணம் உண்டா?

கடைசிக் கேள்வியில் கவனமாக இருங்கள். வெளி மாணவர்களிடம் பெஞ்ச் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அது முறையானது. அந்தப் பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு இணையவழியாகவோ டி.டி.யாகவோ போகும், ரசீது வரும். கையில் கொடு, ஜீ-பேயில் என் எண்ணுக்கு அனுப்பு என்றால் நன்றி சொல்லி வெளியே வாருங்கள். வளாகங்களைச் சுற்றி முளைத்திருக்கும் சில தனியார் பயிற்சி மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு பதினைந்து நாளில் எழுதி முடித்த புராஜெக்ட் அறிக்கையோடு சான்றிதழும் தருகின்றன. அதில் உங்கள் கை பட்டிருக்காது. முதுநிலை நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

உங்களுக்குத் தரப்போகும் வேலையைப் பற்றியும் கேளுங்கள். முதல் மாதம் கண்ணாடிப் பொருள்களைக் கழுவுவதும் பிப்பெட் முனையில் மாட்டும் டிப்களைப் பெட்டியில் நிரப்புவதும் இருக்கும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஸ்காலர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்தும் அது மட்டுமே என்றால், அல்லது பேராசிரியரின் பில்களை டைப் அடிப்பதும் வங்கிக்குப் போய்வருவதும்தான் வேலை என்றால், உங்கள் நேரத்துக்கு வேறு இடம் தேடலாம்.

முதல் நாள்கள்: பிப்பெட், கணக்கு, நோட்டு

உயிரியல் ஆய்வகத்தில் உங்கள் பெயர் கெடுவதும் நிற்பதும் மைக்ரோபிப்பெட்டில்தான். பொதுவாக மூன்று அளவு இருக்கும்: பி-20, பி-200, பி-1000. மூன்றிலும் சின்ன ஜன்னலில் மூன்று இலக்கங்கள் தெரியும். புதியவர்கள் விழும் குழி இங்கேதான். ஜன்னலில் 0-5-0 என்று இருந்தால் பி-20-ல் அது 5 மைக்ரோலிட்டர், பி-200-ல் 50, பி-1000-ல் 500. கையில் எடுத்ததும் எந்தப் பிப்பெட் என்று தலையைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். உச்ச அளவைத் தாண்டித் திருகாதீர்கள், உள்ளே அளவீடு கெட்டுவிடும். திரும்பச் சரிசெய்யக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

கட்டைவிரலால் அழுத்தினால் முதலில் ஒரு தடை வரும், மேலும் அழுத்தினால் இரண்டாவது தடை. உறிஞ்சும்போது முதல் தடை வரை மட்டும் அழுத்தி, டிப்பைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் நனைத்து, மெதுவாக விரலை விடுங்கள். வெளியேற்றும்போது இரண்டாவது தடை வரை. விரலைச் சடாரென்று விட்டால் காற்றுக்குமிழி ஏறும், திரவம் பிப்பெட்டுக்குள்ளேயே தெறிக்கும். டிப்பில் திரவம் இருக்கும்போது மேசையில் படுக்க வைக்கக் கூடாது. பயிற்சிக்குத் தண்ணீர் போதும்: துல்லியத் தராசில் ஒரு சின்னக் குழாயை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை விடுங்கள். 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டு, பத்தும் நெருக்கமாக வரும்வரை யாருடைய டி.என்.ஏ.வையும் தொட வேண்டாம்.

அடுத்தது கணக்கு. பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியவரும் திணறும் இடம் இது. "50 எக்ஸ் டி.ஏ.இ. இருக்கிறது, ஒரு லிட்டர் 1 எக்ஸ் செய்து வை" என்பார்கள். டி.ஏ.இ. என்பது ஜெல் ஓட்டும் கரைசல், 50 எக்ஸ் என்றால் 50 மடங்கு அடர்த்தி. ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் 20. மூலக் கரைசல் 20 மில்லிலிட்டர், தண்ணீர் 980. ஒரு மோலார் உப்புக்கரைசல் ஒரு லிட்டர் என்றால் 58.44 கிராம் சோடியம் குளோரைடு. முதலில் 800 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து, பிறகு லிட்டர் கோடு வரை நிரப்ப வேண்டும். லிட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டு உப்பைக் கொட்டினால் அளவு கூடிவிடும். இரவே வீட்டில் உட்கார்ந்து பத்து நீர்த்தல் கணக்குப் போட்டுப் பழகியவர், மறுநாள் ஆய்வகத்தில் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்.

பாக்டீரியா வளர்க்கும் எல்.பி. ஊடகத்தைத் தயாரிக்கும் வேலையை உங்களிடம்தான் தருவார்கள். லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5, உப்பு 10. பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் தளர்வாக வைத்து, 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ். அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை கதவில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் ஊடகம் பொங்கி வழிவதோடு போகாது, முகமும் வெந்துவிடும்.

டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் கொடுக்கும்போது, டி.என்.ஏ. கறுப்பு ஒயரின் பக்கமிருந்து சிவப்பு ஒயரின் பக்கம் போக வேண்டும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், அது நேர்மின்வாயை நோக்கி ஓடும். ஒயரை மாற்றிச் சொருகினால் அரை மணி நேரத்தில் உங்கள் டி.என்.ஏ. ஜெல்லை விட்டு வெளியேறித் தொட்டித் தண்ணீரில் கலந்திருக்கும். குமிழிகள் எழுகின்றனவா, நீலச் சாயம் சரியான பக்கம் நகர்கிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இனி நோட்டு. தனித் தாளில் எழுதிப் பிறகு அழகாகப் பிரதி எடுக்கும் கல்லூரி ரெக்கார்டு நோட்டுப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பக்க எண் போட்ட, கட்டிய நோட்டு, பேனா, தேதி. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, தப்பை ஒரே கோட்டால் அடித்து மேலே எழுத வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

"12.3, வியாழன். 16-எஸ் பி.சி.ஆர்., மாதிரி 4 முதல் 9. பாலிமரேஸ் புதிய குழாய் (திறந்த தேதி 10.3). 7-ஆம் குழாயில் டெம்ப்ளேட் 1-க்குப் பதில் 2 மைக்ரோலிட்டர் போய்விட்டது. 3.40-க்கு மின்சாரம் நின்று வந்தது, இயந்திரம் 18-ஆவது சுற்றில் இருந்தது. ஜெல்: 4, 5, 7-ல் பட்டை, 6, 8, 9-ல் இல்லை. நெகட்டிவ் கன்ட்ரோலில் மங்கலான பட்டை."

அந்தக் கடைசி வரியை மறைக்காமல் எழுதுகிறவரைத்தான் ஆய்வகம் நம்பும். நெகட்டிவ் கன்ட்ரோல் என்பது டி.என்.ஏ. போடாத குழாய். அதிலும் பட்டை வந்தால் எங்கோ கலப்படம். 4, 5, 7-ல் வந்த அழகான பட்டைகளையும் நம்ப முடியாது. சந்தோஷமாக ஓடிப்போய் "வந்துடுச்சு அக்கா" என்று சொல்வதற்கு முன் கன்ட்ரோலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதி விஞ்ஞானி ஆகிவிட்டீர்கள்.

உயிரோடு விளையாடக் கூடாத இடங்கள்

ஜெல்லுக்குச் சாயமிடும் எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வுக்குள்ளே செருகிக்கொள்ளும் பொருள், உங்கள் டி.என்.ஏ.வும் அதற்கு டி.என்.ஏ.தான். அதைத் தொட்ட கையுறையோடு கதவுக் கைப்பிடியையும் செல்போனையும் தொடக் கூடாது. புற ஊதா விளக்கை முகக்கவசமில்லாமல் பார்க்கக் கூடாது. அக்ரிலமைடு உறைவதற்கு முன் நரம்பு நஞ்சு. ஃபீனால் தோலைப் பொசுக்கும், முதலில் மரத்துப்போவதால் வலியே தெரியாது. கிருமி புகாமல் வேலை செய்யும் லாமினார் மேடையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது உலரும் முன் பன்சன் விளக்கைப் பற்றவைப்பவர்கள் தீப்பிடித்த கையோடு வெளியே வருகிறார்கள். குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிராக ஒரே எடையில் குழாய் வைக்காமல் ஓட்டக் கூடாது.

மனித ரத்த மாதிரிகளைக் கையாளும் ஆய்வகம் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை, முழுதாக முடிய ஆறு மாதம் ஆகும். எனவே சேரத் தீர்மானித்த உடனே முதல் ஊசி. எலி, முயல் வைத்திருக்கும் ஆய்வகத்தில், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் உங்கள் பெயர் சேராமல் விலங்குகளைத் தொடாதீர்கள். "பரவாயில்லை, பிடி" என்று யார் சொன்னாலும்.

பாக்டீரியா வளர 16 மணி நேரம் ஆகும் என்பதால் வேலை மாலையில் தொடங்கும், இரவு நீளும். கடைசி பஸ்ஸையும் விடுதி வாசல் மூடும் நேரத்தையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். தனியாக இரவில் ஆய்வகத்தில் இருக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். யாராவது எல்லை மீறினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழு அந்த நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். சம்பளமில்லாமல் தன்னார்வத்தில் வேலை செய்பவரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள்தான் வருகிறார். "நான் இங்கே வெளி ஆள்தானே" என்று தயங்க வேண்டாம்.

மனிதர்கள்

மூத்த ஆய்வு மாணவர்களை அண்ணா, அக்கா என்றுதான் அழைப்பீர்கள். பேராசிரியரைச் சார் அல்லது மேடம். லேப் அட்டெண்டரையும் அண்ணா என்றே அழையுங்கள். எந்த அலமாரியின் சாவி எங்கே, எந்த ஃப்ரீசரின் கதவு சரியாக மூடாது, காய்ச்சி வடித்த நீர் எப்போது தீரும் என்பதெல்லாம் துறைத்தலைவரைவிட அவருக்குத்தான் தெரியும்.

லேப் மீட்டிங்குக்கு அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டாலும் உட்காரலாமா என்று கேளுங்கள். முதல் ஒரு மாதம் ஒன்றும் புரியாது. புரியாத சொற்களை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து வீட்டில் தேடுங்கள். ஆயுத பூஜை அன்று வர முடிந்தால் வந்துவிடுங்கள். பி.சி.ஆர். இயந்திரத்துக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி கொடுக்கும் அந்த ஒரு நாளில், மூன்று மாதமாக உங்களிடம் பேசாத சீனியர்கூட உட்கார்ந்து பேசுவார்.

ஜெல் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அது இன்னும் வெளியாகாத தரவு, அக்காவின் நான்கு ஆண்டு உழைப்பு.

பெயர், சான்றிதழ், விடைபெறுதல்

கட்டுரையில் என் பெயர் வருமா என்று முதல் மாதமே கேட்காதீர்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த வரையறையை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். ஊடகம் தயாரித்ததற்கும் குழாய் கழுவியதற்கும் நன்றியுரையில் பெயர் வரும், அது நியாயம். ஆனால் ஒரு படத்துக்கான சோதனையை நீங்களே செய்து, திரும்பச் செய்து, அது கட்டுரையில் போகிறது என்றால் பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்காலரிடம் தனியாக, கட்டுரை எழுதத் தொடங்கும் கட்டத்தில் கேளுங்கள். அனுப்பிய பிறகு கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகப் போங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வந்தீர்கள், என்னென்ன செய்முறைகளைத் தனியாகச் செய்வீர்கள், எதில் சொதப்பிப் பிறகு சரிசெய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பேராசிரியருக்கு உங்களை நினைவிருக்கும், நீங்கள் செய்த வேலை நினைவிருக்காது. அந்தப் பக்கத்தை ஸ்காலரிடம் முதலில் காட்டுங்கள். நல்ல கடிதம் என்றால் அதில் பாதி அவர் சொல்லித்தான் வந்திருக்கும்.

நோட்டு ஆய்வகத்தின் சொத்து, வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பிரதி வேண்டுமானால் அனுமதி கேட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் மைனஸ் 20, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களில் உங்கள் கையெழுத்தில் இருக்கும் எல்லாக் குழாய்களையும் வெளியே எடுங்கள். "எஸ்-3 புதுசு" என்று எழுதி வைத்ததை உங்களைத் தவிர யாருக்கும் புரியாது. மாதிரி, அடர்த்தி, தேதி, பெயர் என்று திருப்பி எழுதி, எந்தப் பெட்டியில் எந்த வரிசையில் எது என்று ஓர் எக்செல் பட்டியல் போட்டு அக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரனையும் சாவியையும் திருப்பிக் கொடுங்கள்.